புயலுக்குப் பிறகு செடி ஏன் வாடுது?

மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "மழை பெய்யும்போது செடி நல்லாத்தான் இருந்துச்சு. மழை விட்டு வெயில் அடிச்ச அன்னிக்கு மொத்தமா தொங்கிப் போச்சு. தொட்டியில தண்ணி நிறைய இருக்கு, அப்புறம் ஏன் வாடுது?" இதற்கான பதிலைத் தேடிப் போனால் வேர், காற்று, வீட்டுக் கூரை, பஞ்சாங்கம் என்று பல இடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. சேர்த்து வைத்த குறிப்புகளை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

புயல் இரண்டு வகை

வானிலைக்காரர்கள் காற்றின் வேகத்தை வைத்துப் புயலைப் பிரிப்பார்கள். வீட்டையும் தோட்டத்தையும் வைத்துப் பார்த்தால் எனக்கு இரண்டு வகைதான் தெரிகிறது: காற்றுப் புயல், மழைப் புயல்.

2016 டிசம்பர் 12-ல் சென்னையைக் கடந்த வர்தா காற்றுப் புயல். ஒரே பிற்பகலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜாவும் அப்படித்தான். டெல்டாவின் தென்னந்தோப்புகள் அதில் போயின. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவில். ஆனால் போகிற வழியில் சென்னையில் இரண்டு நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிவிட்டுப் போனது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கடந்த ஃபெஞ்சல் அங்கே ஒரே நாளில் கிட்டத்தட்ட 49 செ.மீ. மழை தந்தது. அவ்வளவு ஏன், புயலே இல்லாமல் 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. அந்தப் பகுதிக்கு அது ஒரு வருஷ மழையை விட அதிகம்.

காற்றுப் புயல் செடியை ஒடிக்கும். மழைப் புயல் மூச்சை அடைக்கும். இரண்டுக்கும் செய்ய வேண்டிய ஏற்பாடு வேறு வேறு.

வேருக்கும் மூச்சு வேணும்

 வேர் உயிரோடு இருந்து வேலை செய்யச் சக்தி வேண்டும், சக்திக்கு ஆக்சிஜன் வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் இருக்கும் காற்றிலிருந்து அது கிடைக்கிறது. தொட்டி மண் ஊறிப் போனால் அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர். தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மிச்சமிருப்பதை வேரும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் சீக்கிரமே தீர்த்துவிடும்.

மூச்சு முட்டிய வேர், தண்ணீர் உள்ளே வரும் நுண்துளைகளை மூடிக்கொள்கிறது. மேகமூட்டமாக இருக்கும்வரை இது வெளியே தெரியாது, இலைக்குத் தண்ணீர்த் தேவையே குறைவு. வெயில் வந்ததும் இலை ஆவியாக்க ஆரம்பிக்கும், கீழிருந்து வரத்து இருக்காது. அதனால்தான் தண்ணியில நின்னுகிட்டே தாகத்தில் வாடுகிறது.

தக்காளியில் இன்னொன்றும் பார்க்கலாம்: இலைக்காம்பு கீழ்நோக்கி வளைந்து தொங்கும். அது எத்திலீன் வாயுவின் வேலை. அதற்கான மூலப்பொருள் மூழ்கிய வேரில் உருவாகி மேலே போய், இலையில் எத்திலீனாக மாறுகிறது. கூடவே, மண்ணில் இருந்த நைட்ரேட் சத்து மழையில் அடித்துப் போயிருக்கும். அடி இலைகள் மஞ்சளாவது அதனால்.

பலர் இந்த இடத்தில் "சத்து இல்ல போல" என்று உடனே உரம் போடுகிறார்கள். மூச்சு விட முடியாத வேரால் உரத்தை எடுக்க முடியாது. முதலில் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பார்க்க வேண்டும். தொட்டியைச் சாய்த்து வைத்தால் தண்ணீர் வேகமாக வடியும். வெயில் அடித்தால் இரண்டு மூன்று நாள் நிழலில் வைக்கலாம். புதுத் துளிர் கண்ட பிறகுதான் உரம்.

சேப்பங்கிழங்கும் வள்ளைக்கீரையும் இதே மழையில் சிரித்துக்கொண்டு நிற்கும். நெல் மாதிரி அவற்றின் திசுக்களுக்குள் காற்றுக் குழாய்கள் இருக்கின்றன. இலையிலிருந்து வேருக்குக் காற்று உள்ளேயே போய்விடும்.

காற்று வரும் முன்

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 60 கி.மீ. காற்றில் தாங்கிய பந்தல் 120-ல் தாங்காததற்குக் காரணம் இதுதான். முதலில் கழற்ற வேண்டியது நிழல்வலை. அது பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துக் கம்பியோடு பிடுங்கும். கைப்பிடிச் சுவர் மேல் இருக்கும் சட்டிகள் எல்லாம் தரைக்கு வர வேண்டும். அங்கிருந்து விழுவது தெருவில் போகிறவர் தலையில். பறிக்கிற பக்குவத்தில் உள்ள காய்களைப் பறித்துவிடலாம், செடியின் பாரமும் குறையும். முருங்கையை மழைக்காலத்துக்கு முன்பே கவாத்து செய்துவிடுவது நல்லது, அதன் கிளை சுலபமாக ஒடியும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. காற்று பலமாகவும் மழை குறைவாகவும் இருந்தால் இலையில் உப்பு படியும், ஓரங்கள் கருகும். காற்று ஓய்ந்ததும் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிட வேண்டும்.

தோட்டம் வீட்டுக்குள் இறங்கும் கதை

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். 600 சதுர அடி மாடியில் 49 செ.மீ. பெய்தால் சுமார் 27,000 லிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் தொட்டி இருபத்தேழு. இத்தனையும் ஒன்றிரண்டு வடிகுழாய் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். தோட்டத்துச் சருகும் தேங்காய் நார்க்கழிவும் அந்த வாயை அடைத்தால், நாலு அங்குலம் தேங்கினாலே கூரை மேல் ஐந்தரை டன். கீழ் வீட்டுச் சுவர் ஓதம் ஏறுவதும், "தோட்டத்தை எடுங்க" என்ற பேச்சு வருவதும் இதற்குப் பிறகுதான். புயல் எச்சரிக்கை வந்ததும் செடியைப் பார்ப்பதற்கு முன் வடிகுழாய் வாயைச் சுத்தம் செய்யச் சொல்வேன்.

அடுத்தது கொசு. டெங்கு கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். சட்டிக்கு அடியில் வைக்கும் தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஆடிப் பட்டம் நமக்குத் தானா?

மேலே சொன்ன புயல்களின் தேதிகளைப் பாருங்கள். 2020-ல் நவம்பர் 25 இரவு வந்த நிவரையும் சேர்த்துக்கொண்டால், எல்லாம் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவுக்குள். 2011-ல் தானே மட்டும் டிசம்பர் 30. ஆடியில் விதைத்து, நாற்று எடுத்து நட்ட தக்காளி எப்போது காய்த்துக் குலுங்கும்? ஐப்பசி, கார்த்திகையில். அதாவது செடி அதிகபட்ச பாரத்தோடு நிற்கும் நேரத்தில்தான் புயல் வருகிறது.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது மழையை நம்பிய நிலத்துக்கான கணக்கு. மாடியில் சட்டி வைத்திருப்பவர் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறார், மழைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஆகவே வட கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: தக்காளி, மிளகாயைப் பெரும்பகுதி தைப் பட்டத்துக்கு ஒத்திப்போடுங்கள். ஆனால் தை முதல் வாரத்திலேயே நாற்று தயாராக இருக்க வேண்டும். தள்ளிப்போனால் பூக்கும் நேரத்தில் கோடை வந்துவிடும். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் போனால் தக்காளியின் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும்.

மழை மாதங்களில் சேம்பு, வள்ளை, பொன்னாங்கண்ணி, வல்லாரை போதும். புயல் வாரத்தில் சந்தையில் காய் விலை ஏறும்போது, மாடியில் ஒரு கைப்பிடிக் கீரை கிடைத்தாலே அன்றைய குழம்புக்கு ஆச்சு.