ஹார்மோன் கொடுத்தால் மூளை செல்கள் வளருமா?

பிறக்கும்போது கிடைத்த நியூரான்களை வைத்தே ஆயுள் முழுக்க ஓட்டியாக வேண்டும் என்றுதான் நரம்பியல் வெகுகாலம் நம்பியிருந்தது. வளர்ந்த எலியின் மூளையிலும் புதிய நியூரான்கள் பிறக்கின்றன என்று 1960களில் ஜோசப் ஆல்ட்மன் எழுதியபோது பெரும்பாலோர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எலியைப் பொறுத்தவரை இன்று அதில் சந்தேகமே இல்லை. நினைவாற்றலுக்குத் துணைநிற்கும் ஹிப்போகாம்பஸிலும், மூளைக்குள் நீர் நிறைந்த அறைகளின் சுவரிலும் புதிய நியூரான்களைப் பிறப்பிக்கும் நரம்பு ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும் இவற்றை எழுப்புவதிலும் அடக்குவதிலும் ஹார்மோன்களுக்குப் பங்கு உண்டு. இதைப் பிடித்துக்கொண்டு ‘மூளையை வளர்க்கும் ஹார்மோன்’, ‘மூளையை அழிக்கும் ஹார்மோன்’ என்று பிரித்துப் பேசுகிறார்கள். சோதனைகளைக் கூர்ந்து பார்த்தால் இந்தப் பிரிவினை நிற்காது. உடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மூளைக்குத் தெரிவிப்பதே ஹார்மோனின் வேலை. அந்த நிலை மாறினால் அதே ஹார்மோனின் விளைவும் மாறுகிறது.

மன அழுத்தத்தின்போது அட்ரினல் சுரப்பி சுரக்கும் ஹார்மோனையே எடுத்துக்கொள்வோம். மனிதருக்குக் கார்ட்டிசால், எலிக்குக் கார்ட்டிகோஸ்டிரோன். 1990களில் எலிசபெத் கூல்டும் ஹெதர் கேமரனும் எலிகளின் அட்ரினல் சுரப்பியை அகற்றியபோது ஹிப்போகாம்பஸில் செல் பிறப்பு கூடியது. கார்ட்டிகோஸ்டிரோனைச் செலுத்தியபோது குறைந்தது. வயதான எலிகளிடம் அந்தச் சுரப்பியை அகற்றினால், அடங்கிப்போயிருந்த செல் பிறப்பு மீண்டும் தலைதூக்குவது 1999இல் தெரியவந்தது. முதுமையில் ஸ்டெம் செல்கள் செத்துவிடவில்லை, அடக்கிவைக்கப்பட்டிருக்கின்றன என்பது இதன் பொருள். அப்படியானால் இந்த ஹார்மோன்தான் வில்லனா? சக்கரத்தில் விருப்பம்போல் ஓடும் எலிக்கும் கார்ட்டிகோஸ்டிரோன் ஏறுகிறது, ஆனால் அதன் மூளையில் புது நியூரான்கள் கூடுகின்றன. ஓடும்போது ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி ரத்தத்திலிருந்து மூளைக்குள் செல்கிறது. அதைத் தடுத்தால் ஓட்டத்தின் பலனும் போய்விடுகிறது. தனியொரு ஹார்மோனின் அளவை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நேரமும் முக்கியம். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் சாமுவேல் வைஸ் குழு 2003இல் கருவுற்ற சுண்டெலிகளை ஆராய்ந்தது. கருவுற்ற ஏழாம் நாளை ஒட்டி, மூளை அறைச் சுவரின் ஸ்டெம் செல்கள் வேகமாகப் பெருகின. ஈன்ற பிறகு மீண்டும் ஒருமுறை பெருகின. தூண்டியது பால் சுரப்புக்கான புரோலாக்டின். அப்படிப் பிறந்த செல்கள் முகர்வுப் பகுதிக்குப் போய் நியூரான்களாகின்றன. மோப்பத்தை நம்பிக் குட்டிகளைப் பேணும் தாய்க்குத் தேவைப்படும் வேளையில், தேவைப்படும் இடத்தில் நடக்கும் வேலை இது.

‘எலிகளிடம் ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருக்கும்போது செல் பிறப்பு கூடுகிறதே, வயதான பெண்களுக்கு அதைக் கொடுத்தால் என்ன?’ என்று கேட்கலாம். எலிகளிலேயே அந்த உயர்வு சிறிது நேரம்தான் நீடிக்கிறது. 65 வயதைக் கடந்த பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்த பெரிய அமெரிக்க ஆய்வில், 2003இல் வெளிவந்த முடிவுப்படி, மறதிநோய் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பானது. இதற்கு ஸ்டெம் செல்கள்தான் காரணம் என்று சொல்ல முடியாது. எலிக்கூண்டிலிருந்து மருந்துச்சீட்டுக்கு நேர்வழி இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். தைராய்டு ஹார்மோன் விஷயம் வேறு: அது குறைந்தால் எலிகளின் ஸ்டெம் செல்களும் மந்தமாகின்றன என்றாலும், மனிதருக்கு மாத்திரை தருவது ரத்தப் பரிசோதனையில் தெரியும் குறையை ஈடுசெய்யத்தான்.

மனித மூளையில் இதெல்லாம் நடக்கிறதா என்பதே இன்னொரு கேள்வி. ஒரு ஹிப்போகாம்பஸில் நாளுக்குச் சுமார் 700 நியூரான்கள் பிறப்பதாக 2013இல் ஸ்வீடனின் யோனாஸ் ஃப்ரிசேன் குழு கணக்கிட்டது. பெரியவர்களிடம் ஒன்றுமே தென்படவில்லை என்றது 2018இல் ஓர் அமெரிக்கக் குழு. பிரிந்து பெருகி நியூரான்களைத் தரும் முன்னோடி செல்களைப் பெரியவர்களிலும் கண்டதாக ஃப்ரிசேன் குழு 2025இல் பதில் தந்தது. ஆளுக்கு ஆள் அளவு பெரிதும் மாறுகிறது. உண்டு, ஆனால் சொற்பம் என்பதே என் கணிப்பு. அந்தச் சொற்பத்தைக் காட்டி ஹார்மோன் விற்பவர்களை நம்ப வேண்டாம். அதேபோல், கார்ட்டிசாலைப் போல வேலை செய்யும், மருத்துவர் தந்த ஸ்டீராய்டு மாத்திரையை மூளைக்குக் கெடுதல் என்று பயந்து திடீரென நிறுத்திவிடவும் வேண்டாம். நெடுநாள் சாப்பிட்டவரின் அட்ரினல் சுரப்பி ஓய்ந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.