பழுப்பு நிறக் கருடனைத் தெரியுமா?

வானில் கருடன் வட்டமிட்டால் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கம் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஊர்களில் இன்றும் உண்டு. வெள்ளைத் தலை, செங்கல் நிற உடல் என்று அதன் அடையாளம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே கருடனின் இளம்பறவை தலைக்கு மேல் பறந்தால் யாரும் கும்பிடுவதில்லை. அது பழுப்பாக இருப்பதால் ‘வெறும் பருந்து’ என்று விட்டுவிடுகிறோம். மாணவர் கேட்டாலும் அதையே சொல்லிவிடுகிறோம்.

நிறம் ஏமாற்றும்

கருடன் எனப்படும் செம்பருந்து முழு நிறத்தை அடைய ஏறத்தாழ மூன்றாம் ஆண்டு ஆகும். மரக்காணம் போன்ற கடலோரங்களில் தேட வேண்டிய வெண்வயிற்றுக் கடற்கழுகுக்கு நான்கைந்து ஆண்டுகள் தேவை. அதுவரை இரண்டுமே பெரும்பாலும் பழுப்புதான். எனவே இளம்பறவையை வடிவத்தைக் கொண்டே அடையாளம் காண வேண்டும்.

மூன்று கேள்விகள்

1. வாலின் முனை எப்படி உள்ளது? இளம் செம்பருந்துக்கு வட்டமாக இருக்கும். கரும்பருந்துக்கு நடுவில் பிளவு இருக்கும். வாலை விரித்தால் அந்தப் பிளவு மறைந்து முனை நேர்கோடாகத் தெரியும். ஆகவே வாலை மடக்கும் வரை பொறுத்திருந்து பார்க்க வேண்டும். கடற்கழுகின் வால் குட்டையானது, ஆப்பு வடிவம் கொண்டது.

2. மிதக்கும்போது இறக்கைகள் எப்படி உள்ளன? கடற்கழுகு அவற்றை மேல்நோக்கி உயர்த்திப் பிடிக்கும்.

3. இறக்கையின் பின்விளிம்பு சீராக உள்ளதா? இளம்பறவையின் இறகுகள் ஒரே காலத்தில் முளைத்தவை; அதனால் முதல் சில மாதங்களில் விளிம்பு ஒழுங்காக இருக்கும். இறகு உதிர்க்கும் முதிர்ந்த பறவையில் இடைவெளிகள் தெரியும்.

இதனால் என்ன பயன்?

கழுகுகள் பல ஆண்டுகள் வாழ்பவை. முட்டைகள் பொரியாமல் போனாலும் முதிர்ந்த பறவைகள் வானில் பறந்துகொண்டேதான் இருக்கும். நமக்குக் குறை எதுவும் தெரியாது. அமெரிக்காவின் ஹாக் மலையில் 1935–39இல் எண்ணப்பட்ட வெண்தலைக் கழுகுகளில் சுமார் 40 விழுக்காடு இளம்பறவைகள். 1950களின் பிற்பகுதியில் அது 20 விழுக்காடாகக் குறைந்தது. டி.டி.டி. பூச்சிக்கொல்லியின் தீங்கை எச்சரித்து ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட நூலில் இந்தக் கணக்கும் ஒரு சான்று. இளம்பறவையைத் தனியே எண்ணியவர்கள் இருந்ததால்தான் அந்தச் சான்று கிடைத்தது.

நம் பள்ளியில்

செம்பருந்து பெரும்பாலும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். எனவே ஜூனில் பள்ளி திறந்ததும் ஏரிக்கரையில் பழுப்பு நிறப் பறவைகளைத் தேடலாம். நம் மாவட்டத்தின் கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. களப்பயணத்திற்கு ஏற்ற இடம் அது.

நாள், இடம், வால் வடிவம், முதிர்ந்ததா இளையதா என்று நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு குறிப்பேடு போதும். உறுதியாகத் தெரியாதபோது ‘தெரியவில்லை’ என்றே எழுதப் பழக்குங்கள்; அதுவும் அறிவியல்தான். கூட்டின் அருகே செல்ல வேண்டாம். கீழே விழுந்த குஞ்சைக் கண்டால் வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

இனி ஒரு மாணவி பழுப்பு நிறப் பறவையைக் காட்டி, “சார், வால் வட்டமா இருக்கு. இது கருடன் குஞ்சு” என்று சொன்னால், இந்த ஆண்டும் ஒரு கூட்டில் குஞ்சு வளர்ந்து பறந்திருக்கிறது என்பதே அதன் பொருள்.