தார்த்தூப் என்னும் தவவேடத்தான்

பிரெஞ்சு மொழி யான் அறியேன். மோலியேரின் நாடகங்களை ஆங்கில மொழிபெயர்ப்பு வாயிலாகவே பயின்றேன். அதுவும் ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் அருகிலிருந்து ஐயம் அகற்றியமையாலேயே இயன்றது. ஆகவே, அடிக்குப் பன்னிரண்டு அசையாய் நடக்கும் அவருடைய செய்யுளின் நயம் பற்றிக் கூற எனக்கு உரிமையில்லை. பாத்திரங்களைப் பற்றியே பேசுகின்றேன்.

சென்ற தவணையில் 'தார்த்தூப்' நாடகக் கதையை மேல்வகுப்பு மாணாக்கருக்குச் சொன்னேன். ஒருவன் எழுந்து, "ஐயா, இனிமேல் நீறு பூசினவர்களைக் கண்டாற் சிரிக்கலாமோ?" என்று வினவினான். வகுப்பு முழுதும் நகைத்தது. என் நெற்றியிலும் நீறு இருந்தது. அன்று எனக்குத் தக்க விடை தோன்றவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தபோதுதான், 1664ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரத்துப் பெரியோர் கேட்டதும் ஏறத்தாழ இதே வினாவே என்பது புலனாயிற்று.

கதை சிறிது. ஓர்கோன் என்பவன் செல்வன். மனைவி மக்களோடு வாழ்பவன். கோயிலிற் கண்ட தார்த்தூப் என்னும் ஏழைப் பக்தன் ஒருவனை வீட்டிற்கு அழைத்து வந்து, குருவினும் மேலாகப் போற்றுகின்றான். வலேர் என்னும் இளைஞனுக்கு வாக்களித்திருந்த மகளை அவனுக்கே மணமுடிக்க எண்ணுகின்றான். தந்தையின் கண்ணைத் திறக்க முயன்ற மகனை வீட்டை விட்டுத் துரத்துகின்றான். இறுதியில் உடைமை அனைத்தையும் நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்துவிடுகின்றான். அத்தார்த்தூப்போ ஓர்கோனின் மனைவி எல்மீர் மீதே கண்வைத்திருப்பவன்.

முதலங்கத்தில் ஒரு காட்சி. வெளியூர் சென்று மீண்ட ஓர்கோன், வீட்டார் நலம் யாது என வேலைக்காரி டோரீனிடம் கேட்கின்றான். தலைவிக்குக் காய்ச்சலும் தலைவலியும் என்கிறாள் அவள். அவனோ தார்த்தூப்பின் நலம் கேட்கின்றான். அவன் கொழுத்துச் சிவந்து நன்றாக இருக்கிறான் என்று விடை. உடனே அவனுக்காக இரங்குகின்றான் ஓர்கோன்! தலைவி உண்ணவில்லை, உறங்கவில்லை, குருதி வாங்கினார்கள் என அவள் சொல்லச் சொல்ல, அவன் கேள்வி நான்கு முறையும் தார்த்தூப்பையே நாடுகின்றது. நன்றாக உண்டு உறங்கியவனுக்காக நான்கு முறையும் இரக்கம் பிறக்கின்றது. அதே அங்கத்திற் பிறிதோரிடத்தில், வழிபாட்டு வேளையிற் பிடிபட்ட தெள்ளுப்பூச்சி ஒன்றை அளவுகடந்த சினத்தோடு கொன்றுவிட்டதாகத் தார்த்தூப் தன்னைத்தானே நொந்துகொண்டதை, அவனுடைய தெய்விகத்துக்குச் சான்றாக ஓர்கோன் எடுத்துரைக்கின்றான். நாம் நகைக்கின்றோம். ஆனால் யாரைக் குறித்து? கள்வனை இன்னும் மேடையிற் கண்டதே இல்லையே!

ஆம், இரண்டு அங்கங்கள் முழுதும் தார்த்தூப் தோன்றுவதில்லை. மூன்றாம் அங்கத்திலேயே வருகின்றான். வரும்போது எதிரே டோரீன் நிற்பதைக் கண்டவுடன், தன் உரோமச் சட்டையையும் உடலை வருத்தும் கசையையும் எடுத்து வைக்குமாறு ஏவலாளனுக்கு உரக்கக் கூறுகின்றான். பின்னர் கைக்குட்டையை நீட்டி, மார்பை மூடிக்கொள் என்கின்றான் அவளிடம். இவன் எவ்வளவு எளிதிற் சலனமடைபவன் என்று டோரீன் அங்கேயே இடித்துரைக்கிறாள்.

இவ்வேடம் அவ்வீட்டில் ஏமாற்றியது ஓர்கோனையும் அவன் தாயையும் மாத்திரமே. வேலைக்காரிக்குக்கூடப் புலப்பட்ட பொய், வீட்டுத் தலைவனுக்குப் புலப்படவில்லை. காரணம் அறிவின்மை அன்று. அவனுக்கு அப்பொய் வேண்டியிருந்தது. மனைவியும் மக்களும் தாயும் இறந்தாலும் சிறிதும் வருந்தாத மனநிலையைத் தார்த்தூப் தனக்குக் கற்பித்தான் என்று பெருமிதங் கொள்கின்றான். வீட்டைத் துறவாது அன்பை மட்டும் துறந்தவன் அவன். பக்தி என்னும் பெயரால் மக்களை அடக்கியாள ஓர் ஏது கிடைத்தது. மோலியேர் தாமே நடிக்க எடுத்துக்கொண்டது ஓர்கோன் பாத்திரத்தையே; இது தற்செயல் என்று நான் கருதவில்லை.

வள்ளுவர் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்திற் புலித்தோல் போர்த்த பசுவையும் புதரில் மறைந்த வேட்டுவனையும் காட்டினார். ஏமாற்றுவோன் உள்ளத்தையே ஆராய்ந்தார். நகைப்பும் அங்கே உண்டு. நகைப்பன அவன் உடம்பினுள் நிற்கும் ஐம்பூதங்கள். பிரெஞ்சு நாடகத்தில் நகைப்பது அரங்கம்; அந்நகை ஏமாந்தவனையும் விடுவதில்லை.

இந்நாடகம் 1664 மே 12ஆம் நாள் வெர்சேல்ஸ் அரண்மனை விழாவில் மூன்றங்கமாக ஆடப்பெற்றது. 14ஆம் லூயி மன்னன் சுவைத்தான் எனினும் பொதுமேடையிற் தடுத்துவிட்டான். மெய்ப்பக்திக்கும் பொய்ப்பக்திக்கும் புறத்தோற்றம் ஒன்றாகையால், ஒன்றை எள்ளினால் மற்றொன்றுக்கும் ஊறு நேரும் என்பதே சொல்லப்பட்ட காரணம். பியேர் ரூலே என்னும் பங்குக்குரு, மோலியேரை மனித உருவிற் பேய் என்றும் எரியிலிடத் தக்கவர் என்றும் எழுதினார். 1667 ஆகஸ்ட் 5ஆம் நாள், பெயரை மாற்றி, ஆடையை மாற்றி மீண்டும் ஆடினார் மோலியேர். மன்னன் படையோடு பிளாண்டர்ஸ் சென்றிருந்த வேளை. மறுநாளே நீதிமன்றத் தலைவர் லாமொய்ஞோன் தடுத்தார். பார்ப்போரும் படிப்போரும் கேட்போரும் திருச்சபையினின்று விலக்கப்படுவர் என்று பாரிஸ் அதிமேற்றிராணியார் ஆணையிட்டார். 1669 பெப்ருவரி 5ஆம் நாளே தடை நீங்கியது.

அந்த எதிர்ப்பை இழிவாக ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. நீறும் நீறும் பார்வைக்கு ஒன்றே. மைத்துனன் கிளேயாந்த் மெய்ப்பக்தரைப் போற்றி நெடிது பேசுகின்றான். அவ்வுரைகள் எனக்கு ஓரளவு சலிப்பையே தந்தன. நான் மாணவனுக்குப் பின்னர் சொன்ன விடை வேறு. நாடகம் முழுவதிலும் தார்த்தூப்புக்குத் தனிமொழி ஒன்றுகூட இல்லை. காண்போர் இல்லாத இடத்தில் அவன் எப்படியிருப்பான் என்பதை மோலியேர் காட்டவே இல்லை. காண்போர் இல்லையேல் அவன் பக்திக்குத் தொழிலே இல்லை. "நீறு பூசியவனைப் பார்த்துச் சிரிக்காதே, தம்பி, பூசும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறவனைப் பார்த்துச் சிரி" என்றேன். மாணவன் ஏற்றுக்கொண்டான் போலிருந்தது. உறுதியாகச் சொல்வதற்கில்லை.

நான்காம் அங்கத்தில் எல்மீர் கணவனை மேசைக்குக் கீழே ஒளித்து வைத்துத் தார்த்தூப்பின் வாயாலேயே உண்மையை வரவழைக்கின்றாள். வெளிப்பட்ட ஓர்கோன் வெளியேறு என்றால், வீடு என்னுடையது என்கின்றான் அவன். உறுதி அவன் கையில் அன்றோ! ஐந்தாம் அங்கத்தில் லொயால் என்பவன், எம்மூர்ப் பிஸ்கால் உத்தியோகத்தர் போன்றவன், மிக இனிய சொற்களால் நாளைக் காலையே வீட்டைக் காலிசெய்யுமாறு கூறுகின்றான். சட்டம் கள்வன் பக்கமே நிற்கின்றது. ஈற்றில் அரசாணையோடு வந்த அதிகாரி தார்த்தூப்பையே சிறைப்பிடிக்கின்றான். மன்னன் எல்லாம் அறிந்தவன் என்று புகழ்மாலை சூட்டப்படுகின்றது. இம்முடிவு வலிந்து ஒட்டியதென்று பலர் குறை கூறுவர். எனக்கும் அவ்வாறே தோன்றுகின்றது. மன்னன் கை நீளாதிருந்தால் அக்குடும்பம் தெருவில் நின்றிருக்கும்.

மோலியேர் 1673 பெப்ருவரி 17ஆம் நாள், தாம் நடித்த மேடையிலிருந்து வீடு சென்று இறந்தார். நடிப்புத் தொழிலை மறுத்துரைக்காமல் இறந்தவருக்குத் திருச்சபை அடக்கம் மறுக்கப்பட்டது. மனைவி மன்னனிடம் முறையிட்ட பின்னரே அனுமதி கிடைத்தது: பகலில் ஆகாது, ஆடம்பர வழிபாடு ஆகாது என்னும் நிபந்தனையோடு. 21ஆம் நாள் இரவு, தீவர்த்திகளின் ஒளியில் அவரைக் கொண்டுசென்று புதைத்தார்கள்.