கறுப்பைக் கண்டு ஃபில்டரைத் திட்டாதீர்கள்

புது ஆயில் ஊற்றி இரண்டு நடை ஓடியிருக்காது. டிப்ஸ்டிக்கை உருவினால் எண்ணெய் மைபோலக் கறுத்திருக்கும். "ஃபில்டர் டூப்ளிகேட்டுண்ணே" என்பார் கிளீனர். லாரி உரிமையாளர் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பார். டீசல் எஞ்சினில் இது வீண் சண்டை.

டீசல் சரியாக எரியாத இடத்தில் உண்டாகும் கரி, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எண்ணெயில் இறங்குகிறது. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். கரித்துகள் ஒரு மைக்ரான்கூட இல்லை. சாதாரண ஃபில்டர் தாள் அதைப் பிடிக்காது. கரி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் மிதக்க வைக்கும் மருந்து எண்ணெயிலேயே கலந்திருக்கிறது. எண்ணெய் கறுத்தால் அந்த மருந்து வேலை செய்கிறது என்று பொருள். கெடு தாண்டியும் மாற்றாமல் ஓட்டினால்தான் மருந்து தீர்ந்து, கரி திரண்டு, எண்ணெய் கூழாகும்.

பெரிய எஞ்சின்கள் சிலவற்றில் இந்தக் கரிக்கென்றே சுழல் ஃபில்டர் உண்டு. எண்ணெயின் அழுத்தத்திலேயே நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்று சுற்றும். கரி சுவரில் அப்பிக்கொள்ளும். அதைக் கழற்றிச் சுரண்டியவர்களுக்கு அந்தப் பசையின் கனம் தெரியும்.

முதன்மை ஃபில்டரின் வேலை வேறு. பேரிங்குக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவே ஓடும் எண்ணெய்ப் படலம் சில மைக்ரான்தான். அந்தக் கனமுள்ள மணலோ இரும்புத் தூளோ நுழைந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான்.

அப்படியானால் இருப்பதிலேயே நுண்ணியதை வாங்கிவிடலாமே? அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். துளை சிறுத்தால் எண்ணெய் திணறும். திணறல் ஓர் அளவைத் தாண்டினால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயை அப்படியே எஞ்சினுக்குள் விட்டுவிடும். எண்ணெயே இல்லாத பேரிங்கைவிட அழுக்கு எண்ணெய் மேல் என்பது அதன் கணக்கு. வால்வு திறக்கும் அழுத்தம் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். துளை நுண்ணியதாக வேண்டுமென்றால் தாளின் பரப்பும் மடிப்பும் கூட வேண்டும்.

டப்பாவில் '20 மைக்ரான்' என்று போட்டிருந்தால் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். அந்த அளவுத் துகளில் பாதியைப் பிடிப்பதும் 20 மைக்ரான் ஃபில்டர்தான், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டைப் பிடிப்பதும் 20 மைக்ரான் ஃபில்டர்தான். இதை அளக்க ஐஎஸ்ஓ 4548-12 என்ற சோதனை இருக்கிறது. சதவீதம் சொல்லாத மைக்ரான் வெறும் விளம்பரம்.

மரை ஏறுகிறது என்பதற்காகவும் வாங்காதீர்கள். 20 மில்லிமீட்டர் மரையுள்ள ஃபில்டர், முக்கால் அங்குல ஸ்டட்டிலும் ஏறிவிடும். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பிடிமானம் போதாமல், அழுத்தம் ஏறியதும் கழன்று தெறிக்கும்.

எஞ்சின் கையேட்டில் உள்ள பாகம் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். பழையதைக் கழற்றியதும் அதன் ரப்பர் வாஷர் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதியதை மாட்டினால் எண்ணெய் பீறிட்டு வெளியேறிவிடும்.