ரத்தம் தெளிந்தால் கதிர் வேலை செய்யும்

முள்ளுக்குறிச்சி, கொல்லிமலைப் பகுதித் தம்பதிகளே!

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் "கரண்டு வைக்கணும்" என்றதும் சில குடும்பங்கள் பயந்து வீட்டுக்குத் திரும்பிவிடுகின்றன. அது கரண்டு அல்ல. கண்ணுக்குத் தெரியாத கதிர். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு 1957-லேயே கோபால்ட் கதிர்க் கருவி வந்துவிட்டது.

நோய் செல் எப்படிப் பிழைக்கிறது?

அடுப்பு எரியக் காற்று வேண்டும் அல்லவா? அதுபோல, நம் உடம்பின் நல்ல செல் சர்க்கரைச் சத்தைப் பிராணவாயுவோடு சேர்த்து எரித்துச் சக்தி பெறுகிறது. புற்றுநோய் செல் சர்க்கரையை அள்ளி விழுங்கி, அரைகுறையாக எரித்து, அமிலத்தைக் கக்கி, கட்டுக்கு அடங்காமல் பெருகுகிறது.

கதிர் என்ன செய்கிறது?

செல்லுக்குள் இருக்கும் மரபு இழையைக் கதிர் அறுக்கிறது. பிராணவாயு இருந்தால் அறுந்தது எளிதில் ஒட்டாது. அது இல்லாத இடத்தில் அதே வேலைக்கு 2 முதல் 3 மடங்கு கதிர் தேவை. அறுபட்ட செல் இரண்டாகப் பிரிய முயலும்போது சாகிறது. சர்க்கரை விழுங்குவதும் படிப்படியாக அடங்குகிறது. நல்ல செல்லும் அடிபடும், ஆனால் மறுநாளைக்குள் பெரும்பாலும் தேறிக்கொள்ளும். அதனால்தான் வாரம் 5 நாள், சிறுகச் சிறுகக் கதிர் வைக்கிறார்கள்.

கணவர் கவனிக்க வேண்டியவை

1. பிராணவாயுவைச் சுமப்பது ரத்தம். உதிரப்போக்கால் ரத்தம் குறைந்தால் கதிரின் பலனும் குறையும். ஹீமோகுளோபின் 10 கிராமுக்குக் குறையாமல் டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். ரத்தம் ஏற்றச் சொன்னால் தயங்காதீர்கள்.

2. "சர்க்கரைதானே நோய்க்குத் தீனி" என்று மனைவியைப் பட்டினி போடாதீர்கள். நோய் சாகாது, உடம்புதான் இளைக்கும். சோறு, பருப்பு, முட்டை கொடுங்கள். பேதியானால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

3. வலி நின்றது, அறுவடை வந்தது என்று நடுவில் நிறுத்தாதீர்கள். வெளிக்கதிர், உள்கதிர் இரண்டும் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். விட்ட நாட்களில் நோய் செல் மறுபடி பெருகும்.

4. வெளிக்கதிர் வைத்தவரிடமிருந்து கதிர் யாருக்கும் பரவாது. பக்கத்தில் உட்காரலாம், குழந்தையைக் கொஞ்சலாம். தாம்பத்திய உறவை மட்டும் டாக்டர் சொல்லும்வரை தள்ளி வையுங்கள்.

தாய்மார்களே!

உறவுக்குப் பின் உதிரம், தீட்டு நின்றபின் உதிரம், துர்நாற்றமான வெள்ளைப்படுதல் கண்டால் மறைக்காதீர்கள். 30 வயதானால் தொந்தரவு இல்லாவிட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கட்டணம் இல்லை.

சீக்கிரம் கண்டால் சிகிச்சை எளிது. முழுதும் முடித்தால் வாழ்வு நீளும்!