ஒருபால் திருமணமும் சமயச் சுதந்திரமும் (ஐக்கிய அமெரிக்கா)

2015 ஜூன் 26 அன்று ஒபர்கெஃபெல் வழக்கில் 5-4 என்ற பெரும்பான்மையில் வழங்கிய தீர்ப்பின் மூலம், ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை நாடு முழுவதும் சட்டப்படி செல்லுபடியாக்கியது. இனி எல்லாத் தேவாலயங்களும் இத்தகைய திருமணங்களை நடத்தியே தீர வேண்டும் என்று சிலர் தவறாக எண்ணுகின்றனர். குருமாரை அரசு அவ்வாறு கட்டாயப்படுத்த முடியாது. அரசியலமைப்பின் முதல் திருத்தம் அதைத் தடுக்கிறது. சிக்கல் எழுந்தது தேவாலயத்துக்கு வெளியே, அலுவலகத்திலும் கடையிலும்தான்.

கென்டக்கி மாநிலத்தின் ரோவன் கவுண்டியில் தேர்ந்தெடுக்கப்பட்ட எழுத்தராக இருந்த கிம் டேவிஸ், தம் சமய நம்பிக்கையைக் காரணம் காட்டி, எவருக்குமே திருமண உரிமம் வழங்க மறுத்தார். 2015 செப்டம்பரில் நீதிமன்ற அவமதிப்புக்காக 5 நாட்கள் சிறையில் இருந்தார். அரசு ஊதியம் பெறுபவர் சட்டப்படியான பணியை மறுக்க முடியாது என்பது நீதிமன்றத்தின் நிலை. மறு ஆண்டில் மாநிலம் உரிமப் படிவத்திலிருந்து எழுத்தரின் பெயரையே நீக்கிவிட்டது. படிவத்தில் ஒரு வரியை நீக்கியதால் தீர்ந்த சிக்கலுக்கு ஒருவர் சிறை செல்ல நேர்ந்தது.

தனியார் கடை என்றால் விடை இத்தனை எளிதன்று. கொலராடோவின் லேக்வுட் நகரில் 2012-இல் இரு ஆண்கள் தம் திருமணக் கொண்டாட்டத்துக்குக் கேக் கேட்டனர். கடைக்காரர் ஜாக் ஃபிலிப்ஸ், பிறந்தநாள் கேக்கோ பிஸ்கட்டோ தருவேன், இத்திருமணத்துக்கு மட்டும் கேக் செய்ய மாட்டேன் என்றார். பொதுமக்களுக்காகத் திறந்துள்ள கடை, பாலின நாட்டத்தைக் காரணம் காட்டி எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அம்மாநிலச் சட்டம். வாடிக்கையாளருக்கு அது கேக் பற்றிய பிரச்சினை அன்று. பலர் முன்னிலையில் வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்படும் அவமானம். கடைக்காரருக்கோ, தம் மனம் ஏற்காத ஒன்றைத் தம் கையாலேயே செய்து கொடுக்கும் நிர்ப்பந்தம்.

இங்கே ஒரு பழைய தீர்ப்பை மாணவர்கள் அறிய வேண்டும். எல்லாருக்கும் ஒரேவிதமாகப் பொருந்தும் நடுநிலையான சட்டத்திலிருந்து, சமயக் காரணம் காட்டி விலக்குக் கோர அரசியலமைப்பு உரிமை இல்லை என்று 1990-இல் ஸ்மித் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. எனவே பின்வந்த வழக்குகளில் சட்டமோ அதைச் செயல்படுத்திய விதமோ உண்மையில் நடுநிலையானதா என்பதே முதல் கேள்வியாயிற்று. 2018-இல் ஃபிலிப்ஸ் 7-2 என்று வென்றதும் அவ்வழியில்தான்: மாநில ஆணைய உறுப்பினர்கள் அவரது நம்பிக்கையை இழிவாகப் பேசியது தவறு என்றது தீர்ப்பு. கேக் மறுப்பது உரிமையா என்ற கேள்வியை அது தொடவேயில்லை. 2021-இல் ஃபிலடெல்ஃபியா நகரம், ஒருபால் இணையரை வளர்ப்புப் பெற்றோராகச் சான்றளிக்க மறுத்த கத்தோலிக்கச் சேவை அமைப்பிடம் தோற்றதும் இவ்வகையே. நகரின் ஒப்பந்தத்தில் அதிகாரி விரும்பினால் விலக்கு அளிக்கலாம் என்று ஒரு விதி இருந்தது.

2023-இல் கொலராடோவைச் சேர்ந்த இணையதள வடிவமைப்பாளர் ஒருவர் 6-3 என்று வென்றார். அது சமயச் சுதந்திரத்தின் பேரில் அன்று, பேச்சுச் சுதந்திரத்தின் பேரில். இணையதளம் அவரது சொந்தக் கருத்து வெளிப்பாடு. தாம் ஏற்காத கருத்தை வெளியிடுமாறு அரசு வற்புறுத்தலாகாது என்றது பெரும்பான்மை. பொதுமக்களுக்கான வணிக நிறுவனம் ஒரு பிரிவினருக்குச் சேவை மறுக்க இத்தீர்ப்பு வழிவிடுகிறது என்று நீதிபதி சோட்டோமேயர் மறுப்புரை எழுதினார். அப்படியானால் மணவிழாவுக்கு நாற்காலி வாடகைக்கு விடுபவர் எதையும் 'பேசுவதில்லை'. இத்தீர்ப்பு அவருக்கு உதவாது. கேக் அலங்கரிப்பவரும் பூ அடுக்குபவரும் எந்தப் பக்கம் என்பதற்கு உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவான விடை தரவில்லை.

இதற்கிடையே, 2022 டிசம்பரில் நிறைவேறிய திருமண மதிப்புச் சட்டம் ஒருபால் திருமணங்களை மத்திய அரசு ஏற்பதை உறுதிசெய்தது. இலாப நோக்கற்ற சமய அமைப்புகள் திருமண விழாக்களுக்குச் சேவை வழங்கத் தேவையில்லை என்றும் அதே சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது.