தும்மலுக்கு விரைவூசி

மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். அங்கே விடிந்தால் தும்மல், பழி குளிர்காற்றின்மேல். விடுதி நண்பர்களும் அவ்வாறே எண்ணுகின்றனர். பலருக்கு உண்மைக் குற்றவாளி மெத்தையில் இருக்கிறது: கண்ணுக்குப் புலப்படாத தூசி உண்ணி. அதன் கழிவே தும்ம வைப்பது. அது நீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழ்கிறது. இடுக்கி மலை அதற்குச் சொர்க்கம். பாலக்காட்டுக் கணவாயின் மார்கழிக் காற்று அவ்வளவு உகந்ததன்று.

1911-இல் இலண்டனில் லெனார்டு நூன், புல் மகரந்தச் சாற்றைச் சிறுகச் சிறுக ஊசியிட்டு உடலைப் பழக்கினார். உண்ணிச் சாற்றுக்கும் இன்று அதே வழிதான். வாரம் ஓர் ஊசியாக முழு அளவை எட்டப் பல மாதங்கள் பிடிக்கும். மலையிலிருந்து வாரந்தோறும் பேருந்தேறி வர யாரால் முடியும்? 1930-இல் ஜான் ஃபிரீமன் காட்டிய விரைவு முறையில் ஒரே நாளில் பல ஊசிகள். சில நாட்களில் முழு அளவு.

'விரைவு' என்றதும் மயங்கிவிடாதீர்கள், நண்பர்களே! குறைவது ஏறும் படிகள் மட்டுமே. அதன்பின் மாதம் ஒன்றாக மூன்றாண்டுகளேனும் போட்டாக வேண்டும். ஆபத்தும் இதில் மிகுதி: மூச்சு முட்டலாம், இரத்த அழுத்தம் சரியலாம். ஆகவே, அட்ரினலின் கையிருப்புள்ள மருத்துவமனையில்தான் செய்துகொள்ள வேண்டும். ஊசிக்குப்பின் அரைமணி நேரமாவது அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசிப் பேருந்து போய்விடுமே என்று எழுந்து ஓடுகிறவருக்கு இந்த வைத்தியம் வேண்டாம். ஆஸ்துமா கட்டுக்குள் வராதவரை மருத்துவரே திருப்பியனுப்பிவிடுவார்.